கோணி ஊசித் தையல்

பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவில் வந்தது கடிதம் எதுவும் இல்லை. ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம்தான் வந்தது. செருப்புப் பெட்டியில் பாதிதான் இருக்கும். ஒரு கையில் வாங்கியவர்கள் எல்லோரும் கை தாழ்ந்துபோய், உடனே மறுகையையும் அடியில் கொடுத்தார்கள்.

2019, ஆடி மாதம். வல்லம் வடகாலில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நான் அரூர்ப் பக்கம். மற்றவர்களுக்கும் ஊர்தான் பேர்: வந்தவாசி, கள்ளக்குறிச்சி அக்கா, செங்கம். ஐந்தாவது பெண்ணை மட்டும் டிப்ளமோ என்று கூப்பிடுவோம். எங்களில் பாலிடெக்னிக் முடித்தவள் அவள்தான். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். நான் ஒயரிங் ஹார்னஸ் கட்டும் லைனில் இருந்தேன். அப்போது வடகால் மாறிக்கொண்டிருந்த நேரம். 2017இல் ராயல் என்ஃபீல்டு ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் போகும். ஊருக்குள் மாட்டுக் கொட்டகை இருந்த இடமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகளாகி, வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். இன்று அதே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். எங்கள் காலத்தில் ஐந்து பேருக்கு ஒரு மின்விசிறி, பொதுக் குளியலறை இரண்டு.

பொட்டலம் முதலில் வந்தது ஒரு புதன்கிழமை. எனக்கு ஏ ஷிப்ட். காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், மதியம் மூன்றாகும் அறைக்குத் திரும்ப. அன்று வந்தபோது வந்தவாசி வாசலிலேயே நின்றாள்.

"உனக்கு ரிஜிஸ்தர் வந்துச்சுடி. சைக்கிள்ல இருந்து இறக்கவே அந்த அண்ணன் கஷ்டப்பட்டாரு. நானும் தூக்கிப் பார்த்தேன். யம்மா, என்னா கனம்! நான் கையெழுத்துப் போடுறேன்னு சொன்னேன், நீதான் போடணும்னு திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாரு."

கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். ஏழு நாளைக்குள் அஞ்சலகம் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அனுப்பியவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர்.

ஏழு நாள் என்பது கேட்க நிறைய. எங்கள் கிளை அஞ்சலகம் காலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், அந்த நேரமெல்லாம் நான் லைனில் நிற்பேன். வார விடுமுறை ஞாயிறு. ஞாயிறு அஞ்சலகத்துக்கும் விடுமுறை. அந்த மாதம் ஏற்கெனவே ஒரு நாள் லீவு எடுத்திருந்ததால் இன்னொரு நாள் கேட்கப் பயம். திங்கள்கிழமை பி ஷிப்டுக்கு மாறும்போதுதான் காலை நேரம் கிடைக்கும். ஆக ஐந்து நாள், அது என்னவென்று தெரியாமலே இருந்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. வைகாசியில் ஊருக்குப் போயிருந்தபோது எனக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவள் நின்றாள். அஞ்சல் வழியில் பி.காம். சேரப் போகிறேன் என்று நான் நின்றேன். ஐயாயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டு படிக்கப் போகிறேன், உன்னைக் கேட்கவில்லை, நீ என்றைக்குக் கொடுத்தாய் என்று சொல்லிவிட்டேன். அப்பா போன பிறகு, அரூர் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலையும் கொய்யாவும் விற்று என்னைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தவள் அவள். சொன்ன வார்த்தை வெளியே வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது அவள் எழுந்து வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேச்சில்லை. மாதாமாதம் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

புதன் இரவே அறையில் ஊகம் தொடங்கிவிட்டது. செங்கத்துக்காரி புளி என்றாள். எங்கள் தர்மபுரிப் பக்கம் புளிக்குப் பேர்போனது, கொட்டை எடுத்து உருண்டை பிடித்து அழுத்தினால் கல் மாதிரி கனக்கும். வந்தவாசி அம்மிக்குழவி என்று அடித்துச் சொன்னாள். தூக்கிப் பார்த்தது அவள் ஒருத்திதான் என்பதால் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. கள்ளக்குறிச்சி அக்கா சிரித்துக்கொண்டே, "கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்க்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பேச்சை மாற்றினாள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெர்னல் என்ற சிற்றூரில் 1916இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு வேண்டிய செங்கற்களையே பார்சல் தபாலில் வரவழைத்துக் கட்டினார்களாம். சரக்குக் கூலியைவிடத் தபால் கூலி மலிவாக இருந்ததால் பெட்டி பெட்டியாகப் போனதாம். இதை நான் படித்தது வெகுநாள் கழித்து. அப்போது தெரிந்திருந்தால் வந்தவாசியின் குழவிக்கல்லை நாங்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க மாட்டோம்.

தள்ளியது டிப்ளமோ. வியாழக்கிழமை அவள் வந்தவாசியை உட்காரவைத்து, கையால் அளவு காட்டச் சொன்னாள். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு. என் ஸ்கேலை வாங்கி அளந்தாள். தபால்கார அண்ணன் எடை எதுவும் சொன்னாரா என்று கேட்டாள். "அஞ்சு கிலோன்னு சொன்னாரு." மாத நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

"மூணு லிட்டர் தண்ணி பிடிக்கிற அளவு பெட்டி. முழுக்க இரும்பா இருந்தா இருபது கிலோவுக்கு மேல வரணும். கல்லா இருந்தா ஏழு, எட்டு. புளி, வெல்லம்னா மூணு, நாலு. அஞ்சு எதுலயும் சேரல. உள்ள கொஞ்சூண்டு உலோகம் இருக்கு. அதைச் சுத்தி ஏதோ லேசான சாமான் அடைச்சிருக்கு."

எல்லோரும் அவளை வாய்பிளந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கியது. அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

முதல் மாதச் சம்பளத்தில் காஞ்சிபுரத்துப் பாத்திரக் கடையில் அம்மாவுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கியிருந்தேன். எடை போட்டுக் கொடுத்தார்கள். கழற்றினால் நான்கு துண்டாக வரும். மடியில் வைத்துக்கொண்டு அரூர் வரைக்கும் போனேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அகல்தான். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்ப்பாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் எடுத்துக் காட்டுவாள். அந்த விளக்கைக் கழற்றி, வைக்கோல் சுற்றி, எனக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். டிப்ளமோவின் கணக்கு அதற்குத்தான் பொருந்தியது. நீ என்றைக்குக் கொடுத்தாய் என்று கேட்ட மகளுக்கு, இந்தா, நீ கொடுத்ததும் வேண்டாம் என்று பதில்.

யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை லைனில் இரண்டு முறை ஒயரை நிறம் மாற்றிச் செருகினேன்.

வீட்டுக்காரரின் தாயார், நாங்கள் பாட்டி என்போம், அவர் விஷயத்தை வேறு பக்கமிருந்து பார்த்தார். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஊர்ல நிலம் ஏதாச்சும் இருக்குதா?"

"இல்ல பாட்டி."

"வழக்கு கிழக்கு?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப சரி. ரிஜிஸ்தர்ல நல்லது எதுவும் வந்து நான் பாத்ததில்ல."

அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்த ஊர்தான். வடகாலில் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுத்தபோது தெருவில் ஒவ்வொரு வீடாகத் தபால்காரர் நின்று கையெழுத்து வாங்கியதைச் சொன்னார். பேனா பிடிக்கத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி. வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டாம். சாத்தியும் பயனில்லை. சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், வேறுவிதமாக நிரூபிக்காத வரை அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், 27ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிற்பாடு பி.காம். பாடத்தில் வணிகச் சட்டம் படிக்கும்போது இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். பாட்டியின் பயத்துக்கு எண் போட்டு எழுதிவைத்திருந்தது போல இருந்தது.

ஞாயிறு இரவு எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. திங்களன்று ஏதாவது காரணத்தால் போக முடியாமல் போய், பொட்டலம் ஊருக்குத் திரும்பிவிட்டால்? மகள் வாங்க மறுத்துவிட்டாள் என்றுதான் அம்மா நினைப்பாள். விளக்காகவே இருக்கட்டும். அவள் கையிலிருந்து வந்ததை நான் வாங்கிவிட வேண்டும்.

திங்கள் காலை கிளை அஞ்சலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். போஸ்ட் மாஸ்டர் ஒரு பெண். கையெழுத்து வாங்கிக்கொண்டு மேசைக்கு அடியிலிருந்து இழுத்தார். "என்னம்மா இது, தினமும் இதைத் தாண்டித்தான் போயிட்டு வர்றேன். கால்ல இடிச்சுக்கிட்டேன் ரெண்டு தடவை."

வெள்ளைத் துணி, ஓரங்களில் அரக்கு. 5 கிலோ 100 கிராம் என்று மேலே எழுதியிருந்தது. முகவரி நீலப் பேனாவில், பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டுக் கையெழுத்து. நான் பார்த்தது தையலைத்தான். வேர்க்கடலை மூட்டைக்குப் போடுகிற கோணி ஊசித் தையல். அம்மா கை. துணியும் தெரிந்த துணி. அப்பாவின் வேட்டி. கரை உள்பக்கம் போகும்படி மடித்துத் தைத்திருந்தாள்.

குழந்தையைத் தூக்குவது போல் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழியில் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

அறைக்கு வந்ததும் பிரித்திருக்கலாம். எல்லோரும் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று வந்தவாசி சத்தியம் வாங்கியிருந்தாள். அது ஒரு சாக்கு. உண்மையில் எனக்குத் தனியாகப் பிரிக்கத் தெம்பில்லை. பாய்க்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு பி ஷிப்டுக்குப் போனேன்.

இரவு பதினொன்றரை. ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். செங்கத்துக்காரிக்கு மறுநாள் ஏ ஷிப்ட், இருந்தும் தூங்காமல் விழித்திருந்தாள். கள்ளக்குறிச்சி அக்கா பிளேடால் தையலை அறுத்தாள். துணிக்குள் ஒரு தகர டப்பா, மூடியைச் சுற்றிச் சணல். திறந்தால் கேழ்வரகு மாவு. விளிம்பு வரைக்கும் அழுத்தி அடைத்த மாவு.

"அஞ்சு கிலோ மாவா?" என்றாள் வந்தவாசி, ஏமாற்றத்தோடு.

"மாவு இந்தக் கனம் கனக்காது" என்று டிப்ளமோ கையை உள்ளே விட்டாள். விரல் நீளத்துக்கு ஒரு சுருள் வெளியே வந்தது. அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. பிரித்தோம். பத்து ரூபாய் நாணயங்கள் இருபது, ஒன்றன்மேல் ஒன்றாக. இன்னொரு சுருள். இன்னொன்று. இருபத்தைந்து சுருள் வந்தது. கடைசிக்கு முந்தின சுருளில் நூல் அறுந்து, சில நாணயங்கள் மாவுக்குள் சிந்தியிருந்தன.

அடியில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று, நான்காக மடித்து. முகவரி எழுதிய அதே பிள்ளை எழுத்து: "இங்கே இது செல்லாதுன்னு சொல்றாங்க. மெட்ராஸ் பக்கம் செல்லுமாம். படிக்கக் கட்டிக்கோ."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. வெளியே மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை உலோகம், எடை 7.71 கிராம். சில ஆண்டுகளிலேயே அதைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. பத்துக் கோடு போட்டது நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு பத்து ரூபாய் நாணயமே செல்லாது என்று ஆகிவிட்டது. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிக்கை விட்டது. சென்னையில் அது வழக்கம்போல் புழங்கியது. எங்கள் மாவட்டங்களில் மளிகைக் கடைக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிற்பாடு 2022இல் அரூர்க்காரர் ஒருவர் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொட்டிக் கொடுத்து ஒரு கார் வாங்கினார். யாரும் வாங்காத அந்தக் காசைப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாக வைத்திருந்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் அப்படிச் செய்ததாகச் சொன்னார். நாடே அந்தச் செய்தியை வேடிக்கையாகப் பார்த்தது. எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

யாரும் வாங்காத காசு கடைசியில் எங்கே போய்ச் சேரும்? மறுக்க முடியாதவர்களிடம் போய்ச் சேரும். பஸ் கிளம்பும் நேரம். ஜன்னலுக்கு வெளியே அம்மா கடலைப் பொட்டலத்தை நீட்டுகிறாள். உள்ளிருந்து ஒரு கை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நாணயத்தை அவள் கையில் போடுகிறது. வேறு கொடுங்கள் என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிடும். பின்னாலேயே ஓடுவாளா? கூடையை யார் பார்த்துக்கொள்வது? அப்படித்தான் அவளிடம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மளிகைக் கடையில் வாங்கவில்லை. ஒரு வங்கியில் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வா என்றார்களாம். மூன்று முறை போயிருக்கிறாள். சட்டப்படி வங்கி வாங்கத்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. காசைச் செல்லாது என்பவர்கள் தாங்கள் ஒரு நாணயத்தைத்தான் தள்ளுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரையில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் ஒரு பொட்டலக் கடலையை, அது விளைந்து வெந்த உழைப்போடு சேர்த்துத் தள்ளுகிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஐநூறு நாணயம் என்றால் 3 கிலோ 855 கிராம். மீதி மாவும் டப்பாவும். டிப்ளமோவின் கணக்கு அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. பாதையில் சத்தம் வராமல் இருக்க மாவை அடைத்திருக்கிறாள். நாணயமோ நோட்டோ தபாலில் அனுப்பினால் இன்ஷூர் செய்ய வேண்டும் என்பது அப்போதைய விதி. அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்று பிறகு கேட்டேன். "மகளுக்குக் கேப்பை மாவுன்னேன். பொய்யா?" என்றாள். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம், 3,106 காரட், அரைக் கிலோவுக்கு மேல் எடை. காவலோடு கப்பலில் போனது போலிக்கல். உண்மையான வைரம் சாதாரணப் பெட்டியில் பதிவுத் தபாலில்தான் லண்டன் போனது என்று சொல்வார்கள். எங்கள் அம்மா அதைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. காவல் இல்லாதவர்களுக்குத் தெரிந்த காவல் அது.

அன்று இரவு யாரும் உடனே பேசவில்லை. கள்ளக்குறிச்சி அக்கா எழுந்துபோய்த் தன் பையைத் திறந்து, இருநூறு ரூபாய் நோட்டு ஒன்றை என் முன்னால் வைத்து, இருபது நாணயத்தை எண்ணி எடுத்துக்கொண்டாள். "எனக்குச் சில்லறை வேணும்" என்றாள். அவளுக்குச் சில்லறை வேண்டியிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். காலையில் பாட்டி முந்தானை முடிச்சிலிருந்து நூறு ரூபாய் எடுத்துத் தந்தார். வல்லக்கோட்டை முருகன் உண்டியலுக்கு என்று பத்து நாணயம் வாங்கிக்கொண்டார்.

மெட்ராஸ் பக்கம் என்று அம்மாவிடம் யாரோ சொன்னது முழு உண்மை இல்லை. ஒரகடத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் டீக்கடையிலேயே வாங்க மறுத்தார்கள். டிப்ளமோ விடவில்லை. ரிசர்வ் வங்கி இதற்காகவே வைத்திருந்த 14440 என்ற எண்ணுக்கு அடித்தாள். அழைப்பு தானே துண்டித்து, திரும்ப அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்காரர் முன்னால் நீட்டினாள். பதிவுசெய்த குரல் சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டார். பாய்லரைப் பார்த்துக்கொண்டு, "சரி, குடும்மா" என்றார். அன்றிலிருந்து அந்தக் கடையில் எங்களுக்குச் செல்லும்.

செவ்வாய் காலை அம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்ட குரல். நான் எதுவும் சொல்வதற்குள் அவளே கேட்டாள்.

"எண்ணிப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேம்மா. நானூத்தித் தொண்ணூத்தெட்டு இருக்குது."

"ஐநூறு. நான் மூணு தரம் எண்ணினேன். மாவைச் சலிச்சுப் பாரு."

விளக்கைப் பற்றி நான் பயந்ததைச் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "அதை எதுக்குடி அனுப்பப் போறேன்" என்றாள். "வெள்ளிக்கிழமை தேய்ச்சு வெச்சேன்."

பாட்டியிடம் சல்லடை வாங்கி அன்றே மாவைச் சலித்தோம். ஒரு நாணயம் வந்தது. இன்னொன்று வரவில்லை. கிடைத்ததையெல்லாம் நோட்டாக மாற்றி, அந்த ஆண்டே பி.காம். சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு, களி கிண்டுவதற்காகக் கடைசி மாவைக் கொட்டியபோது டப்பாவின் மடிப்பு ஓரத்தில் அது ஒட்டியிருந்தது. பதினைந்து கோடு போட்ட நாணயம். துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை தாம்பரம் போகும் மாநகரப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் கொடுத்தேன். கண்டக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் கையை நீட்டினார்.